ஓலை கீறலும் பாட ஆராய்ச்சியும்

பழஞ்சுவடிகளைப் போலத் தம் கையால் எழுதிப் பார்த்தல் மேனாட்டார் பலர்க்கு இனிய பொழுதுபோக்காகும். எட்வர்டு ஜான்ஸ்டன் 1906 இல் வெளியிட்ட எழுத்துக்கலை நூல் அதற்குப் பெரிதும் வழிகாட்டிற்று. அவர்தம் சுவடி தோலும் பொன்னும் வண்ணமும் கொண்டது. நமதோ ஓலையிற் கீறியது. ஆதலின் ஈண்டு அப்பயிற்சியின் முதற்பயன் அழகன்று, பாட ஆராய்ச்சியே என்பது எம் கருத்து.

புதுவைப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955 இல் தோன்றியது. புதுவையில் திரட்டப்பெற்ற சைவச் சுவடிகள் 2005 இல் யுனெசுகோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. அவற்றுட் பெரும்பாலன கிரந்த எழுத்தின. எனினும் தமிழ் ஏட்டுக்கும் அவற்றுக்கும் தொழின்முறை ஒன்றே.

பதப்படுத்திய ஓலையை இடக்கையில் ஏந்தி எழுத்தாணியாற் கீறுவர். கீறிய எழுத்து அப்பொழுதே நன்கு புலனாகாது. கரியும் இலைச்சாறும் பூசிய பின்னரே விளங்கும். எழுதினோன் தன் பிழையைக் காணுமுன் ஏடு முடிந்துவிடும். பிழைபாடுகள் மலிந்தமைக்கு அவன் கல்வியின்மையையே காரணமாகக் கூறுவார் இதனையும் எண்ணுதல் வேண்டும்.

புள்ளியிட்டால் ஓலை பொத்துப்போகும். அதனால் புள்ளியை விடுத்தனர் என்பர். இடைக்காலக் கல்வெட்டுகளிலும் புள்ளி பெரும்பாலும் இல்லையே! கல் பொத்துப்போவதன்று. ஓலையிற் புள்ளியிட்டுப் பார்த்தே இக்கூற்றை ஆராய்தல் தகும்.

காரணம் யாதாயினும் விளைவு பெரிது. புள்ளியில்லா ஏட்டில் எகர ஏகாரங்கள் வேறுபடா. ‘செறு’ என்பதும் ‘சேறு’ என்பதும் ஒரே வடிவின. முன்னது வயல், பின்னது வயலில் உள்ளது. பொருள் இரண்டுக்கும் இடந்தரும். முன்னது நிரையசை, பின்னது நேர்நேர். ஆதலின் அங்கு யாப்பே துணை. பட்டியலிட்டு இதனைக் கற்பதினும் பத்து ஏடு கீறிக் கற்றல் எளிது.