சிறு விமான உதிரிபாகம்: தேடலும் ஒப்புதலும்

உற்பத்தி நின்றுபோன சிறிய விமானங்களுக்கு மாற்றுப் பாகம் கண்டெடுப்பதும், அதை விமானத்தில் பூட்டலாம் என்று அரசின் ஒப்புதல் பெறுவதும் சேர்ந்த நடைமுறை இது. பழைய சிறு விமானங்கள் மிகுதியாக உள்ள அமெரிக்காவில்தான் இதன் விதிகளும் வழக்குகளும் பெரும்பாலும் உருவாயின. இரண்டு வேலைகளில் கடினமானது இரண்டாவது. அலுமினியத் தகட்டை வெட்டி வளைத்துத் துளையிட ஒரு நல்ல பட்டறை போதும். ஆனால் அந்தத் தகடு மூல வரைபடத்தில் உள்ளபடியே இருக்கிறது என்று காட்டக் காகிதம் வேண்டும். கம்பெனி மூடிப் போனால் முதலில் காணாமற்போவது அந்தக் காகிதம்தான்.

அமெரிக்காவில் 1926ஆம் ஆண்டின் வான்வணிகச் சட்டம் விமான வடிவமைப்பை அரசின் சோதனைக்குள் கொண்டுவந்தது. முதலாவது வகைச் சான்றிதழ் 1927 மார்ச் 29 அன்று பூல் ஏர்ஸ்டர் என்ற இருதட்டு விமானத்துக்கு வழங்கப்பட்டது. அதிலிருந்து ஒவ்வொரு ரகத்துக்கும் ஒப்புதல் பெற்ற வடிவமைப்பு ஒன்று உண்டு. பிற்காலத்தில் மாற்றும் எந்தப் பாகமும் அதற்கு இணங்க வேண்டும். 1930களில் பல சிறு கம்பெனிகள் நொடித்துப்போயின. சான்றிதழுக்காக அவை ஒப்படைத்த வரைபடங்கள் அரசுக் கோப்புகளில் தங்கின.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் 1946ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்கக் கம்பெனிகள் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு விமானங்களைக் கட்டின. வாங்க ஆளில்லை. ஓரிரு ஆண்டுகளில் பல கம்பெனிகள் விழுந்தன, விமானங்கள் மட்டும் பறந்துகொண்டிருந்தன. கொலராடோவில் 1946இல் தொடங்கிய யுனிவேர் போன்ற நிறுவனங்கள் இந்த இடைவெளியில் வளர்ந்தன. எர்கூப், ஸ்டின்சன் 108 ஆகிய ரகங்களின் வகைச் சான்றிதழே பின்னர் யுனிவேரின் கைக்கு வந்தது. குளோப் ஸ்விஃப்டின் கதை வேறு. அதன் உரிமையாளர்கள் தாங்களே ஓர் அறக்கட்டளையாகச் சேர்ந்து சான்றிதழைத் தங்கள் வசம் வைத்துள்ளனர். வாடிக்கையாளர் சங்கமே உற்பத்தியாளரின் நாற்காலியில் அமர்ந்த அரிய நிகழ்வு இது.

வரைபடத்துக்கு அலையவேண்டாத பாகங்களும் உண்டு. ராணுவமும் கடற்படையும் சேர்ந்து வகுத்த ஏ.என். தரத்தின்படி செய்த போல்ட், நட்டு, வாஷர் போன்றவை தரப்பொருள்கள்; அவற்றுக்குத் தனி ஒப்புதல் தேவையில்லை. தலையில் சிலுவைக்குறி பொறித்த ஏ.என். போல்ட்டை ஹேங்கர் மெக்கானிக் அந்தக் குறியைக் கொண்டே அடையாளம் சொல்வார். மற்ற பாகங்களை மூல உற்பத்தியாளர் அல்லாத ஒருவர் செய்து விற்க, பாகத் தயாரிப்பு ஒப்புதல் எனப்படும் பி.எம்.ஏ. வேண்டும். போருக்குப் பிந்திய ஆண்டுகளில் விதிகளில் இடம்பெற்று 1960களில் இன்றைய சட்டத்தொகுப்பில் நிலைபெற்ற ஏற்பாடு அது. மூலப் பாகத்தோடு ஒன்றேதான் என்று மெய்ப்பிக்கலாம். இல்லையேல் சோதனையாலும் கணக்காலும் ஈடானது என்று காட்டலாம். முதல் வழிக்கு மூல வரைபடம் வேண்டும். அது கிடைத்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

அமெரிக்கச் சிறு விமானத் தொழில் 1978இல் 17,811 விமானங்களை விற்றது. 1994இல் அந்த எண் 928. செஸ்னா நிறுவனம் 1986இல் பிஸ்டன் விமான உற்பத்தியை நிறுத்தி, பத்தாண்டுகள் கழித்தே மீண்டும் தொடங்கியது. பைப்பர் 1991இல் திவால் மனு கொடுத்தது. வீழ்ச்சிக்குக் காரணம் இழப்பீட்டு வழக்குகள் என்று உற்பத்தியாளர்கள் சொன்னார்கள். வட்டி விகிதம், வரிச் சலுகைகள் நின்றது, சந்தையில் குவிந்திருந்த பழைய விமானங்கள் ஆகியவற்றைச் சுட்டுவோரும் உண்டு. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். 1994இல் வந்த சட்டம், விமானம் விற்று 18 ஆண்டுகள் ஆனபின் உற்பத்தியாளர் மீது வழக்குத் தொடுப்பதைப் பெரும்பாலும் தடுத்தது. அதில் ஒரு நுட்பம்: புதிதாக மாற்றப்பட்ட பாகத்துக்கு 18 ஆண்டுகள் அந்தப் பாகம் பூட்டிய நாளிலிருந்து எண்ணப்படும். விமானம் கிழடானாலும் அதன் புதுப் பாகத்துக்குப் பொறுப்பு இளமையாகவே இருக்கும்.

உரிமையாளர் தன் சொந்த விமானத்துக்குத் தானே பாகம் செய்துகொள்ளலாம் என்ற விதிவிலக்கும் உண்டு. இப்போது அது 21.9 என்ற பிரிவில் இருக்கிறது. செய்யும் கை அவருடையதாக இருக்கவேண்டும் என்பதில்லை. வடிவமைப்பைத் தருதல், மூலப்பொருளைத் தருதல், செய்முறையைத் தருதல், தரச் சோதனையை வகுத்தல், வேலையை மேற்பார்த்தல் ஆகிய ஐந்தில் ஒன்றில் உரிமையாளருக்குப் பங்கிருந்தால் போதும் என்று கூட்டாட்சி விமான நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.யின் சட்டப் பிரிவு 1993இல் விளக்கம் எழுதியது. எவ்வளவு பங்கு ‘பங்கு’ ஆகும் என்பதில் மெக்கானிக்குகளுக்கும் ஆய்வாளர்களுக்கும் இன்றும் கருத்து ஒன்றாக இல்லை. பாகம் ஒப்புதல் பெற்ற வடிவமைப்புக்கு இணங்கவேண்டும் என்பதில் மட்டும் சலுகை கிடையாது. ஆகவே மறுபடியும் வரைபடம்.

அந்த வரைபடத்துக்காக நடந்த மிக நீண்ட போராட்டம் ஃபேர்சைல்டு எஃப்-45 என்ற 1930களின் விமானத்தைச் சுற்றியது. அதன் உரிமையாளர்களில் ஒருவரான ஹெரிக், தன் விமானத்தைச் சீரமைக்க வேண்டி, எஃப்.ஏ.ஏ.யின் கோப்பில் உள்ள தொழில்நுட்ப ஆவணங்களைத் தகவல் அறியும் சட்டத்தின்படி 1997இல் கேட்டார். எஃப்.ஏ.ஏ. மறுத்தது. ஃபேர்சைல்டின் வாரிசு நிறுவனம் அவற்றை வணிக ரகசியம் என்றது.

ஹெரிக்கின் கையில் ஒரு பழைய கடிதம் இருந்தது. 1955இல் ஃபேர்சைல்டு கம்பெனியே தன் விமானங்களின் பழுதுபார்ப்புக்கும் மாற்றுப் பாகங்களுக்கும் கோப்புகளைப் பொதுமக்களுக்கு இரவல் தரலாம் என்று அரசுக்கு எழுதியிருந்தது. எல்லோருக்கும் திறந்துவிட்டது எப்படி ரகசியம் ஆகும்? வயோமிங் நீதிமன்றமும் 2002 ஜூலையில் மேல்முறையீட்டு மன்றமும் இதை ஏற்கவில்லை. ஆவணங்கள் கேட்கப்பட்டபின் நிறுவனம் ஆட்சேபித்ததால் ரகசியம் மீண்டும் உயிர்பெற்றது என்பதுபோல் தீர்ப்பு அமைந்தது. அடுத்த மாதமே ஹெரிக்கின் நண்பரும் பழைய விமானச் சங்கத்தின் செயல் இயக்குநருமான பிரென்ட் டெய்லர் அதே ஆவணங்களைக் கேட்டார். மறுக்கப்பட்டதும் வாஷிங்டனில் வழக்குப் போட்டார். ஹெரிக்கின் வழக்கறிஞரே அவருக்கும் வழக்கறிஞர். முந்தைய தீர்ப்பு அவரையும் கட்டும், ஹெரிக் அவருக்கும் சேர்த்துத்தான் வாதாடினார் என்று கீழ் மன்றங்கள் தள்ளின.

உச்ச நீதிமன்றம் 2008 ஜூன் 12 அன்று ஒருமனதாக அதை மறுத்தது. ஒருவர் இன்னொருவருக்காக ‘ஏறக்குறைய’ வாதாடிவிட்டார் என்ற கோட்பாட்டை ஏற்க முடியாது என்று நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் எழுதினார். சட்ட மாணவர்கள் இன்று இந்த வழக்கைப் படிப்பது அந்தக் கோட்பாட்டுக்காகத்தான். விமானத்தின் பெயர் எத்தனை பேருக்கு நினைவிருக்குமோ. எஃப்.ஏ.ஏ. தலைவர் மாற மாற வழக்கின் பெயரும் மாறியது: கார்வி, பிளேக்கி, ஸ்டர்ஜெல், கடைசியில் பாபிட். கீழ் மன்றம் 2011இல், 1955ஆம் ஆண்டுக் கடிதத்தோடு ரகசியம் போய்விட்டது, போனது திரும்பாது என்று டெய்லர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு கம்பெனி அலுவலகத்தில் தட்டச்சான கடிதம் 56 ஆண்டுகள் கழித்து வென்றது. 2012இல் எஃப்.ஏ.ஏ. சட்டத்தில் இதற்கென ஓர் ஏற்பாடும் சேர்ந்தது: மூன்று ஆண்டுகளாவது செயலற்றுக் கிடந்து, தேடியும் உரிமையாளரோ வாரிசோ அகப்படாத சான்றிதழின் ஆவணங்களைப் பாதுகாப்பின்பொருட்டு வெளியிடலாம்.

போலிப் பாகங்கள் பற்றிய அச்சம் பெரிய விமானங்களிலிருந்து தொடங்கியது. 1989இல் டென்மார்க் கடலில் பார்ட்னேர் நிறுவனத்தின் கான்வேர் விமானம் விழுந்து 55 பேர் இறந்ததில், வால் பகுதியின் போலி போல்ட்டுகளுக்குப் பங்கிருந்தது கண்டறியப்பட்டது. விமானப் பாக மோசடி 2000இல் அமெரிக்காவில் தனிக் குற்றமாயிற்று. பழுதுபார்த்த பாகத்தோடு வரும் ‘மஞ்சள் சீட்டு’ என்பது தொழிலின் பேச்சுவழக்கு மட்டுமே. சட்டம் சீட்டின் நிறத்தைப் பார்ப்பதில்லை, அதில் எழுதியிருப்பதைத்தான் பார்க்கிறது.

காகிதம் கிடைத்தும் பொருள் கிடைக்காத நேர்வுக்கு பீச்கிராஃப்ட் பொனான்சா உதாரணம். 1947 முதல் 1982 வரை வந்த வி வடிவ வால் கொண்ட ரகத்தில் வாலின் அசையும் தகடுகள் மக்னீசியத்தால் ஆனவை. அவை அரிபடும், புதிது கிடைப்பது அரிதாக இருந்தது. கனமான உலோகத்தை வைத்தால் வாலின் சமநிலை குலைந்து அதிர்வு வரும் அபாயம் உண்டு. மாற்று வழி கண்டவர்க்கு ஐந்து லட்சம் டாலர் பரிசு என்று உரிமையாளர் சங்கத்தின் பாதுகாப்பு அமைப்பு அறிவிக்க நேர்ந்தது.

ஐரோப்பாவில் சான்றிதழ் உரிமையாளர் இல்லாத ரகங்களை ‘அநாதை விமானங்கள்’ என்றே அழைக்கிறார்கள்; சிறு மாற்றங்களைத் தனி ஒப்புதலின்றிச் செய்ய 2015இல் ஒரு தரத்தொகுப்பு வெளியானது.

1980க்கு முன் சான்றிதழ் பெற்ற சிறு விமானங்களில் பாகங்களுக்கும் பொருள்களுக்கும் மாற்று வைப்பது குறித்து எஃப்.ஏ.ஏ. 2009இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. பின்னர் வந்த வார்மா என்ற திட்டம், பழுதானாலும் விமானம் பத்திரமாக இறங்குவதைத் தடுக்காத பாகங்களுக்கு எளிய ஒப்புதல் வழி தருகிறது. விமானத்தின் எடை வரம்பு 12,500 பவுண்டு.