தரையும் ஒரு சரித்திர ஏடு

சரித்திரம் என்றதும் கோட்டை கொத்தளங்களையும் கல்வெட்டையும் செப்பேட்டையும் தேடிப் போவது நமது வழக்கம். அரசர் ஆண்ட இடங்களுக்கு அது பொருந்தும். எழுவைதீவு போன்ற சின்னஞ்சிறு தீவுக்குச் சரித்திரம் எழுத விரும்புகிறவர் எதைப் படிப்பது? ஊர்காவற்றுறையிலிருந்து படகேறிப் போகவேண்டிய, பாலம் இல்லாத ஊர் அது. அங்குள்ள பழைய வீடுகளின் தரையைப் படிக்கலாம் என்பது என் எண்ணம். காலுக்குக் கீழே கிடப்பதாலேயே நாம் கவனியாமல் விட்ட ஏடு அது.

அந்த ஏட்டின் முதற் பக்கம் மண். களிமண்ணை நீர்விட்டுக் குழைத்துப் பரப்பி, அடித்து இறுக்கி, காய்ந்தபின் சாணகம் கரைத்து மெழுகுவார்கள். சாணகத்திலுள்ள நுண்ணிய நார்கள் மண்ணைப் பிணைத்துப் பிடிக்கும், தூசி எழாது. இது நேற்று வந்த வழக்கமன்று. புறநானூற்றின் 249ஆம் பாட்டிலே, கணவனை இழந்த ஒருத்தி, அவனுக்குச் சோறு படைப்பதற்காகச் சுளகளவான ஒரு சிறிய இடத்தைத் தன் கண்ணீரும் சாணமும் கலந்து மெழுகுகிறாள். சுளகு என்ற அந்தச் சொல் யாழ்ப்பாணத்து அடுக்களைகளில் இன்றும் வழங்குகிறது. திருவதிகைக் கோயிலில் திலகவதியார் செய்த தொண்டும் அலகிடுதலும் மெழுக்கிடுதலுமே. நாவலர் பெருமான் தமது சைவ வினாவிடையில் திருமெழுக்கிடும் முறையையும் கற்பித்துச் சென்றார். வீட்டு நிலம் மெழுகும் கையும் கோயில் நிலம் மெழுகும் கையும் நம்மவர்க்கு ஒன்றாகவே இருந்தன.

ஆனால் அது யாருடைய கை? பெண்ணின் கை. குனிந்த முதுகோடு, வாரந்தோறும், மழைக்காலத்தில் இன்னும் அடிக்கடி செய்யவேண்டிய வேலை அது. மண்தரையின் குளிர்ச்சியைப் புகழ்ந்து எழுதுகிற நாம், அந்தக் குளிர்ச்சிக்கு விலை கொடுத்தவர்களை மறந்துவிடுகிறோம். சீமெந்துத் தரை வந்தபோது அதனைப் பெண்கள் வரவேற்றார்கள் என்றால் அதில் வியப்பில்லை.

அடுத்த பக்கம் சீமெந்து. 1824இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரைச் சேர்ந்த ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தர் உரிமைப் பத்திரம் பெற்ற பொருள் இது. போர்ட்லண்ட் என்ற இடத்துக் கல்லைப் போல இறுகும் என்பதால் அவர் அதற்கு அந்தப் பெயரையே சூட்டினார். அந்தப் போர்ட்லண்டும் நமது தீவுகளைப் போலவே சுண்ணக்கல்லால் ஆனது! இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், மலாயாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வூதியத்தோடு திரும்பியவர்கள் யாழ்ப்பாணத்தில் கல்வீடு கட்டினார்கள். 1950இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. நமது சுண்ணக்கல்லே நமக்குச் சீமெந்தாகத் திரும்பி வந்தது. எழுவைதீவுக்கு ஒவ்வொரு மூட்டையும் கடல் கடந்தே போகவேண்டும். ஆகவே அங்கே ஒரு விறாந்தைக்குச் சீமெந்து பூசுவது பல ஆண்டுச் சேமிப்பின் பயன்.

அந்தக் காலத்து மேசன்மாரின் சிவப்புத் தரையைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அடித்தளம் ஈரமாய் இருக்கும்போதே, சிவப்புக் காவி கலந்த சீமெந்துச் சாந்தை மெல்லிய படையாகப் பூசி, கரண்டியால் மீண்டும் மீண்டும் தேய்ப்பார்கள். பிறகு பல நாள் காயவிடாது நனைத்து வைப்பார்கள். அதன்பின் வருடக்கணக்காக மெழுகும் பொச்சுமட்டையும் மனிதக் கால்களும் சேர்ந்து அதற்கு ஒளியேற்றின. கடையில் வாங்க முடியாத ஒளி அது.

மூன்றாவது பக்கம் வெறுமை. 1990இலும் 1991இலும் நடந்த போர் நடவடிக்கைகளால் தீவகத்து மக்களில் பெரும்பாலோர் வீடு விட்டுப் போனார்கள். காங்கேசன்துறை ஆலையும் 1990இல் நின்றது. வடக்கே கொண்டுபோகத் தடைசெய்யப்பட்ட பொருள்களில் சீமெந்தும் ஒன்றாயிற்று. ஓடும் மரமும் நிலையும் கதவும் போய்விட்ட வீடுகளில் எஞ்சியது தரை ஒன்றுதான். திரும்பி வந்தவர்கள் பலர், எது அறை, எது குசினி, எங்கே சுவாமி படம் இருந்தது என்பதைத் தரையைக் கொண்டே அடையாளம் கண்டார்கள். வெடிப்பினூடே மரம் முளைத்த தரையும் அவர்களுக்கு உறுதிப் பத்திரமாய் நின்றது.

இப்போது நான்காவது பக்கம் எழுதப்படுகிறது. ‘மாபிள்’ என்று நம்மவர் பொதுவாகச் சொல்லும் பளபளப்பான தரை ஓடு அது. மலாயாப் பணம் சீமெந்து தந்தது போல, கனடாவினதும் ஐரோப்பாவினதும் பணம் இதைத் தருகிறது. இதில் குறை சொல்ல ஏதுமில்லை. பிறந்த வீட்டைப் புதுக்க நினைக்கும் பிள்ளையின் அன்பு அது. ஆயினும் பழைய தரையைக் கொத்தி எறியுமுன் சில கேள்விகள் கேட்கவேண்டும்.

தரையைத் தட்டிப் பார்க்கும்போது திண்ணென்று ஒலித்தால் அடித்தளம் உறுதியாயிருக்கிறது. பொள்ளலான ஓசை வந்தால் மேற்படை கழன்றுவிட்டது. அந்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்துப் புதிதாகப் பூசலாம். வெடிப்பைச் சற்றே அகலமாக்கி, தூசி நீக்கி, நனைத்து, காவி கலந்த சாந்தால் அடைக்கலாம். புதிய நிறம் பழையதோடு முற்றாக ஒத்துவராது; வராவிட்டால் என்ன? கீழிருந்து ஈரம் ஏறி உப்புப் பூக்கும் தரைக்கு மேல் ஓடு பதித்தால் உப்பு மறைவதில்லை. இடைவெளிகளால் அது மீண்டும் மேலே வரும். உவர்நீரிலும் கழுவாத கடல்மணலிலும் சாந்து குழைத்தால் அந்த நோயை நாமே விதைத்தவர்களாவோம். நல்ல தண்ணீருக்கு அலையும் தீவுகளில் இது சிறிய விஷயமன்று.

இன்னொன்று உண்டு. தரையைத் தீர்மானிப்பவர் ரொறன்ரோவில் இருக்கிறார். அதில் நடப்பவர் எழுபது வயதுத் தாய். ஈரம் பட்டால் வழுக்கும் ஓட்டில் அவர் காலூன்றுவது எப்படி? அன்று நிலம் மெழுகியவளின் முதுகை யாரும் கேட்கவில்லை. இன்று அவளுடைய காலையாவது கேட்போம். அவள் வேண்டும் என்றால் ஓடு பதிப்போம். வேண்டாம் என்றால் வெடிப்பை மட்டும் அடைப்போம். தலைமுறை தலைமுறையாக அந்த ஏட்டை எழுதிய கைகளுக்கு அதன் அடுத்த வரியைச் சொல்லும் உரிமையும் உண்டு.