வளர்ச்சியும் மேம்பாடும்: கேரளம் காட்டும் வேறுபாடு

நாட்டின் உற்பத்தியும் வருமானமும் பெருகுவது பொருளாதார வளர்ச்சி. மக்களின் கல்வி, உடல்நலம், வாழ்நாள் ஆகியன உயர்வது மேம்பாடு. தமிழில் இவ்விரண்டையும் ‘வளர்ச்சி’ என்னும் ஒரு சொல்லாலேயே சுட்டும் வழக்கு மிகுதி.

இந்தியாவின் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் (1956-61) கனரகத் தொழில்களுக்கு முதன்மை அளித்தது. உற்பத்தி பெருகின் வறுமை தானே நீங்கும் என்னும் கருத்து அக்காலத்தில் பரவலாக நிலவியது. இக்கருத்தை மறு ஆய்வுக்கு உட்படுத்தியது கேரளம். திருவனந்தபுரம் மேம்பாட்டு ஆய்வு மையம் ஐக்கிய நாடுகள் அவைக்காக உருவாக்கிய ஆய்வு 1975-இல் வெளிவந்தது. தலா வருமானத்தில் இந்தியச் சராசரியினும் தாழ்ந்திருந்த அம்மாநிலம் கல்வியிலும் வாழ்நாளிலும் முன்னின்றதை அது எடுத்துக்காட்டிற்று. 1971 கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு இந்தியாவில் 34 விழுக்காடு. கேரளத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு.

இதற்குரிய வேர்கள் பழமையானவை. கல்விச் செலவை அரசே ஏற்கும் என்னும் திருவிதாங்கூர் அரசாணை 1817-இல் பிறந்தது. சமூகச் சீர்திருத்த இயக்கங்களும், பின்னர் நிலச் சீர்திருத்தமும் பொது வழங்கல் முறையும் அதற்கு வலுவூட்டின.

எனினும் போதிய தொழில்கள் பெருகாமையால் கற்ற இளைஞர் வேலை தேடி வளைகுடா நாடுகளுக்குப் பெயர்ந்தனர். வளர்ச்சியின்றி மேம்பாடு முழுமையுறாது என்பதும் இதனால் புலனாகிறது. 1990-இல் வெளிவந்த முதல் மனித மேம்பாட்டு அறிக்கை வருமானம், கல்வி, வாழ்நாள் மூன்றையும் ஒருங்கே அளந்தது. ஆதலின் இரு கருத்துகளையும் இரு சொற்களால் வேறுபடுத்தி வழங்குதல் தமிழ் ஆய்வுலகின் கடமையாகிறது.