திணிப்பு என்னும் பெயர்

பிரெஞ்சு மேடையின் கேலிக்கூத்துக்கு 'ஃபார்ஸ்' என்ற பெயர் வந்ததில் சமையலறைக்கும் தேவாலயத்துக்கும் பங்குண்டு. 'ஃபார்சீரே' என்ற லத்தீன் வினைக்கு உள்ளே அடைத்து நிரப்புவது என்று பொருள். கோழிக்குள் வைத்துச் சமைக்கும் பூரணத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் ஃபார்ஸ் என்றே சொல்கிறார்கள். இடைக்காலத் திருப்பலியில் 'கீரியே எலேய்சோன்' மன்றாட்டின் சொற்களுக்கு நடுவே புதிய துதிமொழிகளைச் செருகிப் பாடியதற்கும் இதே வினைதான். நீண்ட சமய நாடகங்களின் இடையில் சிரிப்புக் காட்சிகளைச் செருகும் வழக்கமும் இருந்ததால், சொல் மேடையேறிய வழி விளங்குகிறது. ஆனால் பெயரை நம்பி இந்த நாடகத்தையே வெறும் இட்டுநிரப்பலாகக் கொள்வது பெரும் பிழை.

15ஆம் நூற்றாண்டின் 'வக்கீல் பாத்லேன்' சுமார் 1,600 அடிகள் கொண்ட தனி நாடகம். துணிக்கடைக்காரனைக் கடனுக்கு ஏமாற்றிய வக்கீல், ஆடுகளைக் கொன்ற மேய்ப்பனிடம், நீதிபதி எது கேட்டாலும் 'மே' என்று கத்தச் சொல்லி வழக்கை வெல்கிறான். கூலி கேட்டபோது அவனுக்கும் அதே 'மே' கிடைக்கிறது. தந்திரத்தைத் தந்திரக்காரன் மேலேயே திருப்பிவிடும் இந்தக் கட்டுக்கோப்பில் செருகல் எங்கே இருக்கிறது? இது விதிவிலக்கு, மற்றவை சில நூறு அடிகளே என்று மறுக்கலாம். அளவு உண்மைதான். ஆனால் சிறியதான 'சலவைத் தொட்டி'யைப் பாருங்கள்: கணவன் செய்யவேண்டிய வேலைகளைப் பட்டியலிட வைத்த மனைவி தொட்டிக்குள் விழுந்து தவிக்க, அவளைத் தூக்குவது பட்டியலில் இல்லையே என்கிறான் அவன். அந்தச் சில நூறு அடிகளுக்குள்ளேயே கதை முழுமை பெற்றுவிடுகிறது.

மறுமலர்ச்சி அறிஞர்களுக்கோ கிரேக்க, ரோமானிய இன்பியலே உயர்ந்தது. ஃபார்ஸ் பறித்துக்கொண்ட இடத்தைப் பழைய நாடகங்களுக்கு மீட்டுத் தரவேண்டும் என்று கவிஞர் டு பெல்லே 1549இல் எழுதினார். அவருடைய அணியைச் சேர்ந்த ஜொதேல் சில ஆண்டுகளில் 'யூஜேன்' என்ற இன்பியலை அரங்கேற்றினார். ஐந்து அங்கங்கள் இருப்பதால் இது ரோமானிய மரபுதான் என்பார்கள். எனக்கு அது ஏற்புடையதல்ல. அங்கப் பிரிவு ரோமானியமே; ஓடும் யாப்போ ஃபார்ஸின் எட்டசை அடி. காமுகத் துறவி, அவனுடைய காதலி, அவளை மணந்த ஏமாளிக் கணவன் என்ற கூட்டமும் ஃபார்ஸிலிருந்து வந்ததே. பழித்தவர்களாலும் அதை விட்டு எழுத முடியவில்லை.

அடுத்த நூற்றாண்டிலும் ஃபார்ஸின் ஈர்ப்பு குறையவில்லை. 1658 அக்டோபர் 24 அன்று லூவர் அரண்மனையில் 14ஆம் லூயியின் முன் கொர்னேயின் துன்பியலை ஆடிய நாடகக் கலைஞர் மோலியேர், பின்னிணைப்பாக ஒரு சிறு ஃபார்ஸ் ஆட அனுமதி வேண்டினார். மன்னரைக் கவர்ந்தது அதுதான். மோலியேரின் குழுவுக்குப் பாரிசில் பெத்தி பூர்போன் அரங்கம் கிடைத்ததும் அதற்குப் பிறகே.