'இது எந்தப் பாடத்துல வரும்?' இயற்பியலில் 'பொது'ன்னு ஒரு பெட்டி எதுக்கு?

உங்க போன் சார்ஜ் ஏறும்போது ஏன் சூடாகுது? பேட்டரிக்குள் மின்சாரத்துக்கு ஒரு தடை இருக்கிறது, அதனால் வெப்பம் உண்டாகிறது. அப்போ இது மின்னியல். அந்த வெப்பம் பின்பக்கக் கவர் வழியாக வெளியேற வேண்டும். அது வெப்பவியல். உள்ளே லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு நகர்கின்றன. அது வேதியியல். சரி, இந்தக் கேள்வியை எந்தப் பாடத்தின் கீழ் கேட்பீங்க?

பலரும் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். 'எந்தத் தலைப்புன்னே தெரியலையே, கேட்டா சிரிப்பாங்களோ' என்று கேள்வியை அப்படியே விழுங்கிவிடுகிறோம். இப்படி முகவரி தெரியாத கேள்விகளுக்காகத்தான் இயற்பியலில் 'பொது' என்று ஒரு பெட்டி தேவைப்படுகிறது.

பெட்டிகள் யார் போட்டது?

இயக்கவியல், வெப்பவியல், ஒளியியல், மின்னியல், அணு இயற்பியல்... பாடப்புத்தகம் இப்படிப் பிரிப்பது நம் வசதிக்காக. ஒரே நாளில் எல்லாவற்றையும் படிக்க முடியாது இல்லையா? ஆனால், இயற்கைக்கு இந்தச் சுவர்கள் தெரியாது.

ஒருகாலத்தில் மின்சாரமும் காந்தமும் தனித்தனிப் பெட்டிகளில்தான் இருந்தன. 1820-ல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆர்ஸ்டெட், மின்சாரம் பாயும் கம்பிக்கு அருகே காந்த ஊசி திரும்புவதைக் காட்டினார். ஒரு சுவர் விழுந்தது. 1860-களில் ஜேம்ஸ் கிளெர்க் மேக்ஸ்வெல், ஒளியும் ஒரு மின்காந்த அலைதான் என்றார். இன்னொரு சுவரும் போச்சு. பெட்டிகளுக்கு நடுவில் நிற்கும் கேள்வியை 'சிலபஸ்ல இல்ல' என்று தள்ளியிருந்தால், இன்று உங்க கையில் இருக்கும் போனே இல்லை.

ஐஸ்க்ரீம் கேட்ட கேள்வி

1963. தான்சானியாவில் எராஸ்டோ எம்பெம்பா என்ற பள்ளி மாணவன். பாலைக் காய்ச்சி, சர்க்கரை கலந்து, ஆறவைத்து, ஃப்ரீசரில் வைப்பதுதான் அந்தப் பள்ளிப் பசங்களின் ஐஸ்க்ரீம் செய்முறை. ஃப்ரீசரில் இடம் போய்விடுமே என்ற அவசரத்தில் எம்பெம்பா சூடாகவே வைத்துவிட்டான். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், காய்ச்சாத பாலை வைத்தவனுடையது இன்னும் கெட்டித் திரவம். இவனுடையது உறைந்திருந்தது!

ஆசிரியரிடம் கேட்டான். 'நீ குழம்பிட்டே' என்கிற மாதிரி பதில் வந்தது. பிறகு மேல்நிலைப் பள்ளியிலும் கேட்டான். கேலிதான் மிச்சம். ஒருநாள் பல்கலைக்கழகக் கல்லூரியிலிருந்து டெனிஸ் ஆஸ்போர்ன் என்ற இயற்பியல் பேராசிரியர் உரையாற்ற வந்தார். சக மாணவர்கள் சிரித்தாலும், எம்பெம்பா அதே கேள்வியை அவரிடமும் கேட்டான். ஆஸ்போர்ன் சிரிக்கவில்லை. ஆய்வகத்துக்குப் போய்ச் சோதித்துப் பார்க்க ஏற்பாடு செய்தார். 1969-ல் இருவர் பெயரிலும் ஆய்வுக் கட்டுரை வெளியானது.

இதில் முக்கியமான விஷயம், இன்றுவரை இதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட விடை கிடையாது. ஆவியாதல், நீரில் கரைந்த வாயுக்கள், திரவத்தின் உள்ளே நடக்கும் சுழற்சி என ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்கிறார்கள். 2016-ல் வந்த ஓர் ஆய்வு, இப்படி ஒரு விளைவு உண்மையிலேயே இருக்கிறதா என்றே சந்தேகம் எழுப்பியது. ஒரு பெட்டிக்குள் அடங்கியிருந்தால் இத்தனை வருஷம் இழுத்திருக்குமா?

காபிக் கறையும் கடல் நீலமும்

மேஜையில் சிந்திய காபித் துளி காய்ந்தபின் பாருங்க. நடுவில் வெளுப்பு, ஓரத்தில் அடர்த்தியான வளையம். துளியின் ஓரம் மேஜையோடு ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கிறது. அந்த ஓரத்தில்தான் நீர் வேகமாக ஆவியாகிறது. அதை ஈடுகட்ட நடுவிலிருந்து திரவம் ஓரத்துக்கு ஓடுகிறது, கூடவே காபித் துகள்களையும் இழுத்துக்கொண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தினர் இந்த விளக்கத்தைக் கொடுத்தது 1997-ல்தான்! மை சீராகக் காய வேண்டிய இன்க்ஜெட் அச்சு வேலைக்கு இது ரொம்பவே முக்கியமான விஷயம்.

நம்ம திருச்சியில் பிறந்த சி.வி.ராமன் கதையும் இதுதான். 1921-ல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவரை நிறுத்தியது. 'வானத்தின் பிரதிபலிப்புதான் அது' என்ற அன்றைய விளக்கம் அவருக்குப் போதவில்லை. திரவங்களில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்ற தேடல் அங்கிருந்து வளர்ந்து, 1928-ல் ராமன் விளைவாகவும், 1930-ல் நோபல் பரிசாகவும் வந்து நின்றது.

அப்போ எதை வேணாலும் கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால், 'பொது' என்பது குப்பைத்தொட்டி இல்லை. நாளைக்குக் கொடுக்க வேண்டிய வீட்டுப்பாடத்தை அப்படியே கொட்டும் இடமும் இல்லை. நல்ல பதில் வேணும்னா, ஆசிரியரிடமோ, தெரிந்தவரிடமோ கேட்கும்முன் இதைச் செய்யுங்க:

* முதலில் பார்த்ததைச் சொல்லுங்க. உங்க விளக்கம் பிறகு வரட்டும். எம்பெம்பா கேள்வியின் பலமே அதுதான்.

* அளவு சொல்லுங்க. 'ரொம்ப சூடு' என்பதைவிட '35 டிகிரியில் ஒன்று, 100 டிகிரியில் ஒன்று' என்றால் மற்றவரும் செய்து பார்க்க முடியும்.

* ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்க. பாத்திரம், அளவு, இடம் எல்லாம் ஒன்றாக மாறினால் காரணம் பிடிபடாது.

* நீங்கள் எதுவரை படித்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்க. பத்தாம் வகுப்புக்கான பதில் வேறு, கல்லூரிக்கான பதில் வேறு.

* 'இது வெறும் வெப்பவியல்தான்' என்று யாராவது காட்டினால், சந்தோஷமாக அந்தப் பாடத்துக்குப் போங்க. சரியான வழியைக் காட்டுவதும் பொதுப் பெட்டியின் வேலைதான்.

கேட்கப்படுகிற பக்கத்தில் நீங்கள் இருந்தால்? தம்பியோ, தங்கையோ விநோதமாக ஏதாவது கேட்கும்போது, 'இது எந்தப் பாடம்?' என்று திருப்பிக் கேட்காதீங்க. 'எப்போ பார்த்தே? எப்படி இருந்துச்சு?' என்று கேளுங்க. அன்று எம்பெம்பாவுக்கு ஆஸ்போர்ன் கொடுத்ததும் விடையை இல்லை, 'செஞ்சு பார்த்துடுவோம்' என்ற மரியாதையைத்தான்.