உங்கள் பர்ஸில் ஐசி இருக்கிறது, சரி. வேறு என்னென்ன இருக்கிறது?

முதலில் ஒரு வேலை செய்யுங்க. பர்ஸைக் கவிழ்த்து, உள்ளே இருப்பதையெல்லாம் மேசையில் கொட்டுங்க. எழுத்து மங்கிப்போன பெட்ரோல் ரசீது, என்றைக்கோ மூடிய கடையின் உறுப்பினர் அட்டை, கோயிலில் கொடுத்த சின்ன சாமி படம், மூன்று பேங்க் கார்டு, நாலாக மடித்த ஏதோ ஒரு காகிதம். அப்புறம், அடையாள அட்டை.

இப்போது ஒரே ஒரு கேள்வி. ஈப்போ மேடான் கிட் பஸ் நிலையத்தில் இந்தப் பர்ஸ் இன்று மாலை தொலைந்தால், எதையெல்லாம் திரும்ப வாங்க முடியும், எதை வாங்குவது கஷ்டம்? பர்ஸில் என்ன இருக்கலாம், என்ன இருக்கக் கூடாது என்பதை இந்தக் கேள்வியை வைத்தே முடிவு செய்துவிடலாம்.

ஐசி பேராக்கில் தொடங்கிய கதை

நம் ஐசியின் வேர் ரப்பர் தோட்டத்தில் இருக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கம் எல்ஃபில் தோட்டம் உட்பட இரண்டு தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து நாட்டில் அவசரகாலம் வந்தது. அதே ஆண்டு 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் படமும் கைரேகையும் உள்ள அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கினார்கள். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகள் மக்களிடமிருந்து அந்த அட்டைகளைப் பிடுங்கி அழித்தார்கள். பால் மரம் வெட்டப் போனவருக்கு அரிவாளோடு அட்டையும் தேவைப்பட்டது. அவசரகாலம் 1960-இல் முடிந்தது, அட்டை மட்டும் நின்றுவிட்டது. அதை வெளியே போகும்போது கையில் வைத்திருக்க வேண்டும் என்பது இன்றும் சட்டம்.

சிப் உள்ள மைகாட் 2001-இல் வந்தது. அதன் 12 எண்ணில் முதல் ஆறு உங்கள் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். பேராக்கில் பிறந்தவர்களுக்குப் பெரும்பாலும் 08.

இதில் ஒரு வம்பு இருக்கிறது. நம் பேங்க் கார்டுகளின் பின் எண்ணும் ஆறு இலக்கம்தான். நிறைய பேர் பிறந்த தேதியையே பின் எண்ணாக வைத்திருக்கிறார்கள். அப்படியானால் கார்டும் அதைத் திறக்கும் எண்ணும் ஒரே பர்ஸில், பக்கத்துப் பக்கத்தில்! இன்றைக்கே மாற்றிவிடுங்க.

சிப் உடைந்தால் பணமும் போகும்

முன்பு ஐசி வெறும் அடையாளம். இப்போது அது ஒரு வகையில் பணமும்கூட. 2025-இல் பெரியவர்கள் எல்லோருக்கும் கிடைத்த 100 வெள்ளி சாரா உதவி மைகாட் வழியாகத்தான் வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 30 முதல், பூடி95 திட்டத்தில் ரோன்95 பெட்ரோலை லிட்டர் 1.99 வெள்ளிக்கு ஊற்றவும் மைகாட் பயன்படுகிறது. எனவே பேண்ட் பின்பாக்கெட்டில் பர்ஸை வைத்து அதன்மேல் உட்காருவதை விட்டுவிடுங்க. வளைந்து வளைந்தே சிப் கெட்டுப்போகும். பர்ஸ் தடிமனாக இருந்தால் அட்டை இன்னும் சீக்கிரம் வளையும். ரசீதுகளை வெளியே எடுக்கச் சொல்வது இதற்குத்தான், அழகுக்காக இல்லை.

ரசீதை எறிவதற்கு முன் ஒரு நிமிடம். புத்தகம், கைப்பேசி, மடிக்கணினி வாங்கியதற்கு வருமான வரியில் 2,500 வெள்ளி வரை விலக்கு கேட்கலாம். அதற்கான ரசீதை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கடை ரசீது சூட்டில் எழுத்து மறையும் காகிதம், பர்ஸுக்குள் ஏழு மாதம் தாங்கினாலே பெரிய விஷயம். வாங்கிய அன்றே படம் எடுத்து வைங்க.

லைசென்ஸ் மைஜேபிஜே செயலியிலேயே இருக்கிறது, அட்டையை வீட்டில் வைக்கலாம். பேங்க் கார்டு ஒன்று போதும். 250 வெள்ளி வரை தொட்டாலே பணம் போகும், பின் எண் கேட்காது. மூன்று கார்டு தொலைந்தால் மூன்று பேங்குக்கு போன் அடிக்க வேண்டும்.

அந்த மடித்த காகிதம்

அது பிறப்புப் பத்திரமாக இருந்தால் உடனே வெளியே எடுங்க. அசல் பத்திரம் எதுவும் பர்ஸில் இருக்கக் கூடாது. தோட்டங்கள் கைமாறி, ரப்பர் போய் செம்பனை வந்து, லயத்து வீடுகளை விட்டு ஜனங்கள் ஈப்போவுக்கும் சுற்றுப்பட்டணங்களுக்கும் வந்தபோது, தகரப்பெட்டியில் இருந்த பத்திரங்களும் பல குடும்பங்களில் காணாமல் போயின. பெற்றோரின் பதிவுத் திருமணச் சான்று இல்லாததால் குடியுரிமைக்கு அலைந்த பிள்ளைகளை நம் சொந்தத்திலேயே பார்த்திருப்போம். நீல ஐசி வைத்திருப்பவருக்கு அந்தக் காகிதம் சாதாரணமாகத் தெரியலாம். சிவப்பு ஐசியோ, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய பச்சை மைகாஸோ வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்க.

தொலைந்தே விட்டால்

முதலில் பேங்குக்குப் போன் செய்து கார்டை முடக்குங்க. யாராவது கணக்கிலிருந்து பணத்தை ஏமாற்றி எடுத்துவிட்டது தெரிந்தால் 997. பறித்துக்கொண்டு ஓடினார்கள் என்றால் போலீஸ் புகார் கட்டாயம் செய்யுங்க, அந்தப் புகார் இருந்தால் ஐசி தொலைத்த அபராதம் இல்லை. கவனக்குறைவால் தொலைத்தால் அபராதம் உண்டு, ஒவ்வொரு முறையும் ஏறும். புது ஐசிக்கு எந்த ஜேபிஎன் கிளைக்கும் போகலாம், பிறந்த ஊருக்கே போக வேண்டியதில்லை.

உங்கள் பர்ஸ் முடிந்ததா? வீட்டில் பாட்டி இருந்தால் அவர் இடுப்புச் சுருக்குப்பையையும் கேட்டு வாங்கிப் பாருங்க. வெற்றிலை, சில்லறையோடு பிளாஸ்டிக்கில் சுற்றிய ஐசியும், பின் எண் எழுதிய துண்டுக் காகிதத்தில் மடித்த பேங்க் கார்டும் இருக்கலாம். அந்தத் துண்டுக் காகிதத்தை மட்டும், அவரிடம் சொல்லிவிட்டு, எடுத்துடுங்க.