கண்மாயைப் பிழையென்று படித்த வரைபடம்

முல்லைப் பெரியாறு அணைக்கு மேலே மலைக்காட்டில் பெய்யும் மழை எந்தக் கடலில் சேரும் என்று கணினியிடம் கேட்டால், தயங்காமல் அரபிக்கடல் என்று சொல்லும். நில உயரங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் அது சரியான விடைதான். ஆனால் 1895 முதல் அந்தத் தண்ணீர் கிழக்கேயும் ஓடுகிறது. பென்னிகுவிக் கட்டிய அணையில் தேங்கி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வைகையோடு கலந்து மதுரை வயல்களில் பாய்கிறது. விண்ணிலிருந்து வடிநிலம் வரைகிறவர்கள் தென் தமிழ்நாட்டில் எடுத்த எடுப்பிலேயே முட்டிக்கொள்ளும் இடம் இது. இங்கே தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு மட்டும் ஓடுவதில்லை. ஆட்கள் வெட்டிவிட்ட வழியிலும் ஓடுகிறது.

அந்த வழிகளை எழுதிவைக்கும் வேலை செயற்கைக்கோளுக்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. மதராஸ் மாகாணத்தில் 1883இல் ஏரி மராமத்துத் திட்டத்துக்கென அளவைக் குழுக்கள் அமைக்கப்பட்டன. அவை ஏரிகளை ஒற்றை ஒற்றையாகப் பார்க்காமல், வடிநிலம் வாரியாகத் தொகுத்து ஆராய்ந்தன. கரை, மடை, கலிங்கு, ஆயக்கட்டு என ஏரிதோறும் விவரக் குறிப்பேடு எழுதப்பட்டது. தென் மாவட்டங்களில் ஏரியைக் கண்மாய் என்பார்கள்; ஒரு கண்மாயின் மறுகால்தான் அடுத்த கண்மாயின் வரத்து. மேலே ஒன்று உடைந்தால் கீழே உள்ளவை வரிசையாக உடையும். மேலே வரத்து அடைபட்டால் கீழே எல்லாமே காயும். இந்தச் சங்கிலியை விட்டுவிட்டு ஒரு ஏரியை மட்டும் செப்பனிடுவதில் பயனில்லை என்பதை அந்தக் குழுக்கள் உணர்ந்திருந்தன.

1972இல் அமெரிக்கா ஏவிய முதல் லேண்ட்சாட்டின் படத்தில் ஒரு புள்ளி ஏறத்தாழ 80 மீட்டர். பெரிய ஏரிகள் தெரிந்தன, வாய்க்கால்கள் தெரியவில்லை. 1988 மார்ச் 17 அன்று பைக்கனூரிலிருந்து ஏவப்பட்ட ஐஆர்எஸ்-1ஏ, நடைமுறைப் பயன்பாட்டுக்கென நம் நாடு செலுத்திய முதல் தொலையுணர்வுச் செயற்கைக்கோள், அதை ஏறத்தாழ 36 மீட்டராகக் குறைத்தது. அகச்சிவப்புக் கதிரை நீர் விழுங்கிவிடுவதால் நிறைந்த ஏரி படத்தில் கறுப்பாகவும், பசுமை அதைத் திருப்பியனுப்புவதால் சிவப்பாகவும் விழும். கோடையில் கண்மாயின் நடுவே திட்டுத் திட்டாகச் சிவப்புத் தெரிந்தால் பெரும்பாலும் அது சீமைக்கருவேலம். எத்தனை கண்மாய்களை முள் மூடிவிட்டது என்பதை ஒரே பார்வையில் காட்டிய படங்கள் இவை.

இந்தப் படங்கள் தரையின் மேல்தோற்றத்தைக் காட்டின. மேடு பள்ளத்தைக் காட்டவில்லை. அந்தக் குறை 2000 பிப்ரவரியில் தீர்ந்தது. எண்டெவர் விண்கலம் 60 மீட்டர் நீளத் தண்டின் முனையில் ஓர் ஆண்டெனாவை நீட்டி, 11 நாள் பயணத்தில் உலக நிலப்பரப்பின் ஐந்தில் நான்கு பங்கை ரேடாரால் அளந்தது. 90 மீட்டர் கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரம் கிடைத்தது. ஒரு கட்டத்து நீர் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எது மிகச் சரிவோ அதில் இறங்கும் என்ற கணக்கு முறை 1984இலேயே வெளியாகியிருந்தது. இரண்டும் சேர்ந்ததும் மேசையில் உட்கார்ந்தபடியே ஓடை, கிளையாறு, ஆறு என வடிகால் வலையை வரைய முடிந்தது.

வினை அங்கேதான் முளைத்தது. வழியில் நீர் தேங்கும் பள்ளம் வந்தால் அந்தக் கணக்கு நின்றுவிடும். ஆகவே 1988இல் வெளியான ஒரு முறை, பள்ளங்களை முதலில் நிரப்பி மட்டமாக்கிவிட்டுப் பிறகு நீரை ஓடவிட்டது. மலை நாட்டில் அது பொருந்தும். அங்கே பெரும்பாலான பள்ளங்கள் தரவில் நேர்ந்த பிழைகள். ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலோ பள்ளம் என்றால் கண்மாய். தலைமுறை தலைமுறையாக மண் சுமந்து கரைபோட்டுத் தேக்கியதை மென்பொருள் பிழை என்று தூர்த்துவிட்டது. பல கண்மாய்க் கரைகள் 90 மீட்டர் கட்டத்துக்குள் கரைந்தே போயின.

தரையின் சரிவும் சிக்கலைக் கூட்டியது. பரமக்குடியிலிருந்து ராமநாதபுரம் வரை நிலம் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மீட்டரே தாழ்கிறது. ரேடார் தந்த உயரங்களோ முழு மீட்டர்கள். வைகை நீரை ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரை கொண்டுசேர்த்தவர்கள் அதைவிட நுட்பமாக மட்டம் பார்த்திருக்கிறார்கள் என்று சொல்வதில் மிகையில்லை.

இதற்கு வழி பழைய தாள்களில் இருந்தது. சர்வே ஆஃப் இந்தியாவின் நிலப்படங்களிலும் கிராம வரைபடங்களிலும் உள்ள வரத்துக்கால்களைக் கணினியில் ஏற்றி, அவை போகும் தடத்தில் மட்டும் உயரத்தைக் குறைத்துவைத்தால் நீர் அந்தத் தடத்தில் ஓடும். 2005 மே 5 அன்று ஏவப்பட்ட கார்ட்டோசாட்-1, ஒரே இடத்தை இரு கோணங்களில் 2.5 மீட்டர் நுணுக்கத்தில் படமெடுத்ததால் கரைகளும் தெளிந்தன. அப்போதும் எந்த மடையை எப்போது திறப்பது, வெள்ளக் காலத்தில் நீர் எந்தப் பக்கம் சாயும் என்பதெல்லாம் ஊர் நீர்ப்பாய்ச்சிக்குத்தான் தெரியும். அவரோடு கரையில் நடக்காமல் வரைந்த படத்தை நம்பி ஒரு மதகுகூடக் கட்டக் கூடாது.

இன்னொரு தடை மேகம். கண்மாய்கள் நிறைவது வடகிழக்குப் பருவமழையில். சாதாரணக் கேமராவின் கண்ணை மேகம் மறைப்பதும் அப்போதுதான். 2014 ஏப்ரலில் ஐரோப்பா ஏவிய சென்டினல்-1ஏ ரேடார் மேகத்தை ஊடுருவிப் பார்க்கிறது; 12 நாளுக்கொரு முறை அதே தடத்துக்குத் திரும்புகிறது; படங்களும் இலவசம். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான படங்களை வரிசையாக வைத்தால், மேல் கண்மாய் பெருகியும் கீழ்க் கண்மாய் வறண்டே கிடந்த இடங்கள் தெரியவரும். வரத்து அடைபட்டிருப்பது அந்த இரண்டுக்கும் நடுவே. சித்திரை, வைகாசியில் வாய்க்கால் காய்ந்திருக்கும்போதே அங்கே போய்ப் பார்த்துவிட வேண்டும். புரட்டாசி பிறந்துவிட்டால் மண் எடுக்க அவகாசம் இருக்காது.